58 பேருக்கும் 18 பேருக்கும்: மம்சாபுரத்திலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் மம்சாபுரம் பொதுமக்கள் வைக்கும் கோரிக்கை இது.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை பிற்பகல். அன்றைய பா.ஜ.க. தலைவர் அத்வானி தேர்தல் கூட்டத்துக்கு வரவிருந்த கோவையில் ஆர்.எஸ்.புரம், உக்கடம், காந்திபுரம் என அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அரசு மருத்துவமனை வளாகமும் தப்பவில்லை. 58 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

கோவைச் சங்கதி மம்சாபுரத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் உண்டு. 1997இல் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி எங்கள் விருதுநகர் மாவட்டத்திலும் சாதிக் கலவரம் மூண்டது. எங்கோ நடந்ததற்கு எவரிடமோ பழி தீர்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. கோவையில் அதே ஆண்டு நவம்பர் 29 அன்று ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டார்கள். அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன. குண்டு வைத்ததற்கு இது நியாயமாகாது. குண்டு வைத்த அல்-உம்மா அமைப்பு கொன்றது தெருவில் போன அப்பாவிகளை. ஆனால் 58 பேருக்கு அழுதுவிட்டு 18 பேரை மறப்பதும் எங்களுக்குச் சம்மதமில்லை.

ஆகவே முதலில் கேட்பது நிவாரணம். பயங்கரவாதத்துக்கும் மதக் கலவரத்துக்கும் பலியான பொதுமக்களின் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசு தரும் உதவித்தொகைத் திட்டம் 2008 ஏப்ரல் 1 முதல்தான் செல்லுபடியாகும். 2016இல் தொகையை மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தியபோதும் அதற்கு முன் பலியானவர்களின் குடும்பங்கள் வெளியேதான் நின்றன. அந்தத் தேதியைத் தளர்த்துங்கள். அந்த 58 பேர், 18 பேர் ஆகிய இரு தரப்புக் குடும்பங்களுக்கும் ஒரே தொகை, ஒரே படிவம், ஒரே அலுவலகம். கை கால் இழந்தவர்களுக்கு வயது ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. செயற்கை உறுப்பும் மருத்துவமும் ஆயுள் முழுக்க இலவசமாகட்டும்.

கோவைச் சம்பவங்களை விசாரித்த நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையத்தின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின, எவை கிடப்பில் கிடக்கின்றன என்பதைத் தமிழில் வெள்ளை அறிக்கையாக வெளியிட வேண்டும்.

குண்டுவெடிப்பு வழக்கில் தீர்ப்பு வர 2007 ஆகிவிட்டது. அந்த வழக்கில் கைதாகி ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த அப்துல் நாசர் மதானி அப்போதுதான் குற்றமற்றவர் என விடுதலையானார். பாதிக்கப்பட்டவருக்கும் அது தாமதம், விடுதலையானவருக்கும் அது தண்டனை. இத்தகைய வழக்குகளைத் தினந்தோறும் விசாரியுங்கள். விடுதலையாகிறவர்களுக்கு இழப்பீட்டைச் சட்டமாக்குங்கள்.

எங்களூர்ப் பக்கத்துக்கும் ஒன்று கேட்கிறோம்: கூட்டம் கூடும் இடங்களில் பாதுகாப்பு. ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளிலும், தீபாவளிக்கு ராஜபாளையம் கடைத்தெருவிலும் நிற்க இடமிருக்காது. கேமரா வைத்தால் போதும் என்று அதிகாரிகள் நினைப்பதாகத் தெரிகிறது. கேமரா பெரும்பாலும் நடந்து முடிந்ததைத்தான் காட்டும். ஆம்புலன்ஸ் போக ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டு ஊர் அரசு மருத்துவமனைகளிலும் இரவு பகலாக விபத்துச் சிகிச்சைக்கு ஆளும் ரத்தமும் இருக்க வேண்டும். வரும் ஆடிப்பூரத்துக்கு முன் இதற்கான ஏற்பாட்டை மாவட்ட ஆட்சியர் பொதுமக்கள் முன்னிலையில் விளக்க வேண்டும்.