வரம்பு வளையில் வாழும் சிலந்தி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில் யானைக்கு அஞ்சி இரவு முழுதும் பரணிற் காவலிருக்கும் கமக்காரர், ரோச்சு விளக்கை நெற்றிக்கு நேரே பிடித்து வரம்பை நோக்குவாராயின், புல்லிடையே பச்சை நிறமாய் மினுங்கும் சிறு புள்ளிகளைக் காண்பர். பனித்துளி என்று எண்ணுவோரும் உளர். அவை ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். அதன் எட்டுக் கண்களுள் கீழ்வரிசை நான்கும் மிகச் சிறியன. மேலுள்ள நான்குமே ஒளியைத் திருப்பி வீசுவன.

இக்குடும்பத்துச் சிலந்திகளுட் பெரும்பாலானவை வலை கட்டிக் காத்திராது ஓடியே இரை பிடிப்பன. ஓநாய் என்னும் பெயரும் அதனால் வந்ததே. சில இனங்கள் நெற்பயிரின் தூரிலே, நீர்மட்டத்தை ஒட்டித் திரிவன. சில நிலத்திலே வளை தோண்டி, உட்சுவரை நூலாற் பூசி, பகலில் அதனுள் ஒடுங்கி, இரவில் வாயிலிற் பதுங்குவன. இப்பாசா என்னும் பேரினத்தன குடும்ப வழக்கத்துக்கு மாறாகப் புல்லின்மேல் விரிப்புப் போன்ற வலையும், அதன் ஓரத்தே குழாய் வடிவான ஒளிப்பிடமும் அமைப்பன. தாய்ச் சிலந்தி முட்டைப் பையை உடலின் பின்முனையிற் கட்டிச் சுமக்கும்; பொரித்த குஞ்சுகளோ அதன் முதுகிலேறிச் சில நாட்கள் வாழும். ஆகவே ஒரு தாய் நஞ்சுபட்டு மாளின், பல பத்துக் குஞ்சுகளும் உடன் மாளும்.

இவ்விழப்பு அற்பமானதன்று. கமக்காரர் அறக்கொட்டியான் என வழங்கும் கபிலநிறத் தத்தி, தூரிலிருந்து சாற்றை உறிஞ்சி, பச்சை வயலைத் தீயில் எரிந்தாற்போல் ஆக்குவது. தூரிலே திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான இரைகளை உண்ணும் எனப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கூறியுள்ளனர். அங்ஙனமிருக்க, இளம்பயிரில் ஓரிரு புழுக்களைக் கண்ட மாத்திரத்தே பூச்சிநாசினி தெளித்தல் பலர்க்கு வழக்கமாயிற்று. தத்தியின் முட்டை இலையுறைக்குள் இருப்பதால் பெரும்பாலும் தப்புகிறது. வெளியே திரியும் சிலந்தியோ மடிகிறது. பின்னர்ப் பொரிக்கும் தத்திகளுக்குப் பகையில்லை. மீண்டும் தெளிக்க வேண்டியதாகிறது, கடனும் ஏறுகிறது.

இந்தோனேசியா இதனைப் பெருநட்டத்தின் பின்னரே கற்றது. 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு நெல்லுக்குப் பயன்பட்ட 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. 1990களில் வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்துக் கமக்காரர், விதைத்த முதல் 40 நாட்களுக்குத் தெளியாதிருந்து பார்த்தனர். விளைச்சல் குறையவில்லை, செலவு குறைந்தது.

2021 ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயனப் பசளைக்கும் நாசினிக்கும் திடீரென விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை கமக்காரர் மனத்திற் கசப்பையே விட்டுச் சென்றது. ஈண்டுக் கூறப்படுவது அத்தகைய தடையன்று. சிலந்தியால் எல்லாம் ஆகும் என்பதும் அன்று. யூரியாவை அளவிறந்து இட்டு, பயிரை நெருக்கி விதைத்த வயலில் தத்தி பெருகும் வேகத்துக்குச் சிலந்தி ஈடுகொடாது. அந்நிலையிற் போதனாசிரியரின் ஆலோசனைப்படி, தூரிலே படுமாறு தெளித்தல் தகும். தூரை விலக்கிப் பாராது, அயல்வயற்காரர் தெளித்தார் என்பதற்காகத் தெளிப்பதே தகாதது.

வரம்பைப் பற்றியும் ஒன்று. அறுவடை முடிந்ததும் வைக்கோலோடு வரம்புப் புல்லையும் கொளுத்துவோர், அடுத்த போகத்துக்கு எஞ்சவேண்டிய சிலந்திகளையும் கொளுத்துகின்றனர். நண்டு வளையையும் எலி வளையையும் அடைத்தல் வேண்டும். இன்றேல் நீர் நில்லாது. ஆயின் வாயிலிற் சேறு குவிந்து கிடப்பது நண்டின் வளை. சிறு துளையாய், உள்ளே வெண்ணூல் படிந்து காண்பது சிலந்தியின் வளை. மண்வெட்டி ஓங்குமுன் குனிந்து பார்த்தாற் போதும்.