பெரிய பேட்டரி வாங்கியும் நடுராத்திரியில் புழுக்கம் ஏன்? இன்வெர்ட்டர் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

ராத்திரி மணி 11. பெரம்பூரில் ஒரு தெரு. "டப்" என்று ஒரு சத்தம். தெரு முழுக்க இருட்டு.

"யாரும் பயப்படாதீங்க. நம்ம வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு" என்றார் அந்த வீட்டுக்காரர். தனியார் கம்பெனியில் குமாஸ்தா. தீபாவளி போனசைப் போட்டு வாங்கிய இன்வெர்ட்டர். 4 விசிறியும் சுற்றின. டி.வி. ஓடியது. பிரிட்ஜும் ஓடியது. அக்கம்பக்கத்தார் பொறாமையோடு பார்த்தார்கள்.

மணி 12½. "கீக்... கீக்..." என்று இன்வெர்ட்டர் அலறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. கரண்ட் வந்ததோ விடியற்காலை 4 மணிக்கு.

அதுவரை வீட்டில் இருந்த 70 வயதுப் பாட்டி, மூச்சு வாங்கியபடி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கும் மிஷின் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்க கரண்ட் இல்லை.

"பெரிய பேட்டரிதானே வாங்கினேன்? ஏமாத்திட்டானே கடைக்காரன்!" என்று புலம்பினார் மகன்.

ஏமாற்றியது யார்? கடைக்காரரா? பேட்டரியா? இரண்டு பேரும் இல்லை. போடாமல் விட்ட கணக்கு!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. தெருவுக்கு நாலு வீட்டில் இதே பாடுதான்.

பக்கத்து வீட்டு அளவு

இன்வெர்ட்டர் எப்படி வாங்குகிறார்கள் தெரியுமா?

"அண்ணே, 2 ரூம் வீடு. ஒரு இன்வெர்ட்டர் போடணும்."

"900 போட்டுக்குங்க சார். 150 பேட்டரி. எல்லாரும் அதான் வாங்குறாங்க."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அடுத்த பேச்சு, "பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

செருப்பு வாங்கினால் காலை வைத்துப் பார்க்கிறோம். சட்டை தைத்தால் டெய்லர் டேப் போட்டு அளக்கிறார். 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் சாமானை மட்டும், பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குகிறோம். பக்கத்து வீட்டில் எத்தனை விசிறி? யாருக்கு என்ன வியாதி? அது யாருக்குத் தெரியும்?

இரண்டு நம்பர்

கடைக்காரர் சொல்வது இரண்டு நம்பர். இரண்டும் வேறு வேறு.

முதல் நம்பர் வி.ஏ. இது இன்வெர்ட்டரின் அளவு. ஒரே நேரத்தில் எத்தனை சாமான் ஓட்டலாம் என்று சொல்வது. இரண்டாவது நம்பர் ஏ.எச். இது பேட்டரியின் அளவு. எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று சொல்வது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். வி.ஏ. என்பது குழாயின் பருமன். ஏ.எச். என்பது தொட்டி. குழாயைப் பெரிசாக்கினால் தொட்டியில் தண்ணீர் கூடுமா? கூடாது. 900-ஐ விட்டு 1,500 வி.ஏ. வாங்கினாலும், பேட்டரி அதேதான் என்றால் நேரம் ஒரு நிமிஷம் கூட அதிகம் கிடைக்காது.

இது தெரியாமல் "பெரிய இன்வெர்ட்டர் வாங்கினா ராத்திரி பூரா ஓடும்" என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் ஏராளம்.

காகிதமும் பென்சிலும்

கணக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான்.

சாதாரண சீலிங் விசிறி ஒன்றுக்கு 75 வாட். எல்.இ.டி. டியூப் லைட் 20 வாட். வை-பை பெட்டி 10 வாட். ராத்திரிக்கு 2 விசிறி, 2 லைட், ஒரு வை-பை போதும் என்றால் மொத்தம் 200 வாட்.

4 மணி நேரம் ஓட வேண்டுமா? 200-ஐ 4-ஆல் பெருக்கினால் 800. இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். 800-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1,000. பேட்டரி 12 வோல்ட். 1,000-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 83 ஏ.எச்.

அப்படியானால் 83 ஏ.எச். பேட்டரி போதுமா? போதாது. ஈய பேட்டரியை ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரை சுரண்டினால் சீக்கிரம் செத்துப்போகும். 100-க்கு 60 எடுப்பதோடு நிறுத்துவது நல்லது. 83-ஐ 0.6-ஆல் வகுத்தால் 138. கடையில் கிடைப்பது 150. சரியாகப் போச்சு!

இன்வெர்ட்டர்? 200 வாட்டுக்கு சுமார் 250 வி.ஏ. இருந்தாலே ஓடும். 600, 700 வி.ஏ. வாங்கினால் தாராளம்.

இப்போது பெரம்பூர் வீட்டுக்கு வருவோம். 4 விசிறி 300 வாட். 3 டியூப் லைட் 60. டி.வி. 50. பிரிட்ஜ் ஓடும்போது 150. மொத்தம் 560. அதே 150 பேட்டரி 2 மணி நேரம் கூடத் தாங்காது. தாங்கவும் இல்லை.

ஒரு ரூமில் எல்லாரும் படுத்து, 2 விசிறியும் ஒரு சின்ன லைட்டும் போட்டிருந்தால்? விடியற்காலை 4 மணி வரை தாங்கியிருக்கும். நடுவில் பாட்டிக்குக் கால் மணி நேரம் மருந்து மிஷினும் ஓடியிருக்கும்.

ஆகவே, எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "இந்த இந்த பாயிண்டுக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் கொடுப்பா." அயர்ன் பாக்ஸ், கீசர், மிக்சி, ஏ.சி., தண்ணீர் மோட்டார் எதுவும் அதில் சேரக்கூடாது. மோட்டார் உள்ள சாமான் கிளம்பும்போது வழக்கத்தைப் போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தாலே சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி போகாது. அதற்கு எதற்கு பேட்டரி?

விசிறியை மாத்து

இன்னொரு வழியும் உண்டு. கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை.

பி.எல்.டி.சி. விசிறி என்று இப்போது வருகிறது. 30 வாட் இருந்தாலே போதும், நன்றாகச் சுற்றும். 2 விசிறியையும் அப்படி மாற்றினால் 200 வாட் என்பது 110 ஆகிறது. 4 மணி நேரம் ஓடிய அதே பேட்டரி 7 மணி நேரம் ஓடும். இன்னொரு பேட்டரி வாங்கும் காசு மிச்சம். மாதா மாதம் மீட்டரும் மெதுவாகச் சுற்றும்.

லித்தியம் பேட்டரி நல்லதா என்று கேட்கிறார்கள். விலை அதிகம். ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 100-க்கு 80-க்கு மேல் எடுக்கலாம். 100 ஏ.எச். லித்தியம், 150 ஏ.எச். ஈய பேட்டரியின் வேலையைச் செய்துவிடும். இன்வெர்ட்டர் அதற்கு ஏற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உயிர் விஷயம்

வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்துள்ள நோயாளி இருந்தால் கணக்கே வேறு. 5 லிட்டர் மிஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதுவும் நிற்காமல். ஒரே ஒரு 150 பேட்டரி சுமார் 2½ மணி நேரத்தில் தளர்ந்துவிடும். ஆகவே 2 பேட்டரி உள்ள, சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் பார்க்க வேண்டும். அதோடு டாக்டரைக் கேட்டு ஒரு சிலிண்டரும் தயாராக இருக்க வேண்டும். இங்கே "எல்லாரும் வாங்குறாங்க" என்ற பேச்சே எடுபடக்கூடாது.

புயலுக்குக் கணக்கா?

"வர்தா மாதிரி வந்தா என்ன பண்றது? பெரிசாவே வாங்கிடுவோம்" என்று சிலர் சொல்கிறார்கள்.

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் வெள்ளத்தின்போதும் அதே கதி. அத்தனை நாளுக்குப் பேட்டரி வாங்கினால் வீட்டில் ஆள் இருக்க இடம் இருக்காது!

வழக்கமாக எவ்வளவு நேரம் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பராமரிப்பு வேலை என்று ஈ.பி. அறிவித்தால் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை. டிரான்ஸ்பார்மர், கேபிள் கோளாறு என்றால் 3, 4 மணி நேரம். அதற்குத்தான் அளவு. புயல் வந்தால் ஒரு லைட்டும் செல்போன் சார்ஜும் மட்டும் என்று அடக்கி வாசித்தால், இருப்பது 2, 3 நாள் வரும்.

2012-ம் ஆண்டு வெளி மாவட்டங்களில் ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போனது நினைவிருக்கும். காலியான பேட்டரி முழுசாக ஏற 10 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஏறுவதற்கே நேரம் இல்லாதபோது எவ்வளவு பெரிய பேட்டரி இருந்து என்ன பயன்?

எங்கே வைப்பது?

மாடிப்படிக்கு அடியில் தரையோடு தரையாக வைக்கிறார்கள். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் முதலில் முழுகுவது அதுதான். உறுதியான ஸ்டாண்டு போட்டு உயரத்தில் வைக்க வேண்டும்.

ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். தீப்பற்றும் வாயு. பூஜை விளக்குப் பக்கத்திலோ, மூடிய அலமாரியிலோ வைத்தால் ஆபத்து. காற்றோட்டம் கட்டாயம். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.

பழைய பேட்டரியைத் தெருவில் வருகிறவரிடம் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். கண்ட இடத்தில் உருக்கினால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு விஷம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிப்பாளர்களே திரும்பப் பெற வழி செய்ய வேண்டும். கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

பில்லில் எழுதிக் கொடு

கடைசியாக ஒரு விஷயம். கடைக்காரர்கள் "8 மணி நேரம் வரும் சார்" என்று வாயால் சொல்கிறார்கள். எத்தனை விசிறிக்கு 8 மணி நேரம்? அதைச் சொல்வதில்லை.

"200 வாட்டுக்கு 4 மணி நேரம்" என்று பில்லில் எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பொருளின் தரம், அளவு, திறன் பற்றித் தெரிந்துகொள்வது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்துள்ள உரிமை. காகிதத்தில் இருந்தால்தான் நாளை நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் பேச முடியும். வாய்ப்பேச்சுக்கு சாட்சி ஏது?

நேர்மையான கடைக்காரருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. கணக்கு கேட்டு விற்கும் கடைக்குத்தான் மறுபடியும் ஆள் வரும். எழுதிக் கொடுக்க மறுக்கும் கடையில் எதற்கு வாங்க வேண்டும்? நேராக அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கையில் ஒரு சீட்டோடு கடைக்குப் போங்கள். இத்தனை விசிறி, இத்தனை லைட்டு, இத்தனை மணி நேரம், வீட்டில் இன்ன நோயாளி என்று அதில் இருக்கட்டும். அது இல்லாமல் போனால், நடுராத்திரி 12½ மணிக்கு அந்த "கீக் கீக்" சத்தம் நம் வீட்டிலும் கேட்கத்தான் செய்யும்!