வாழைக்கன்றுக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

எங்க ஆரணிப் பக்கம் திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்குபவர்கள் விலை கேட்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், இலையை எண்ணுகிறார்கள். ஆய்வகத்தில் அது எத்தனை சுற்று பெருக்கப்பட்டது என்று மட்டும் யாரும் கேக்குறதில்லை.

வாழையின் குருத்து நுனியைக் குடுவைக்குள் சத்துக்கூழில் வைக்கிறார்கள். கூழில் சைட்டோகைனின் என்ற ஹார்மோன், பெரும்பாலும் பென்சைல் அடினைன், கலந்திருக்கும். ஒரு நுனி பல குருத்தாகும். அவற்றைப் பிரித்துப் புதுக் கூழில் வைத்தால் அது ஒரு சுற்று.

செடித் திசுவை இப்படி ஹார்மோனிலேயே வளர்த்துக்கொண்டிருந்தால், சில சமயம் அது ஹார்மோன் இல்லாமலே பெருக ஆரம்பிச்சிடும். 1940-களிலேயே பிரான்சின் ரோஜர் கோத்ரே இதைக் கவனித்து, 'பழகிப்போதல்' என்ற பொருளில் பெயர் வைத்தார். பிறகு அமெரிக்காவில் பிரெட் மைன்ஸ் புகையிலைத் தண்டின் சோற்றில் சோதித்தார். பழகிப்போன திசுவிலிருந்து முழுச் செடி வளர்த்து, அதன் திசுவைத் திரும்ப எடுத்தால், அது மறுபடி ஹார்மோன் கேட்டது. அதாவது மரபணுவின் எழுத்து மாறவில்லை. எது திறந்திருக்கணும், எது மூடியிருக்கணும் என்பதுதான் மாறியிருக்கிறது.

புகையிலை திரும்பிவிட்டது. எண்ணெய்ப்பனை திரும்பவில்லை. மலேசியாவில் திசு வளர்ப்பில் வந்த பனைகள் சில, நட்டுப் பல ஆண்டுகள் கழித்து, கோணல் பூவும் எண்ணெய் தேறாத காயுமாக நின்றன. ஒரு மரபணுத் துணுக்கின் மேலிருந்த மெத்தில் முத்திரை குடுவையில் கழன்றதே காரணம் என்று 2015-ல்தான் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. (களைக்கொல்லி என்று நாம் திட்டும் 2,4-டி-யும் செயற்கை ஆக்சின்தான். துளி அளவில் அதே சரக்கு ஆய்வகக் கூழிலும் உண்டு.)

வாழையில் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் சுற்று கூடக்கூட குட்டை மரமும் தாறு சிறுத்த மரமும் கூடும். மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. வைரஸும் இனத்தூய்மையும் சோதிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வாங்குகிறவன் கையில் என்ன இருக்கு? வங்கியில் இருந்த காலத்தில் நூறு ரூபாய் வரவுக்கும் பாஸ்புக்கில் பதிவு போட்டோம். தாய்மரம் எது, எத்தனை சுற்று, எந்த மாதம் குடுவையை விட்டு வெளியே வந்தது என்ற மூன்று வரியைத் தட்டின் மேல் ஒட்டுவதில் என்ன கஷ்டம்? நம் இயக்கம் தோட்டக்கலைத் துறையிடம் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை, சுற்று எத்தனை என்று சொல்லாத இடத்தில் நான் வாங்கமாட்டேன். முடிக்கொத்து நோயும் கூன்வண்டும் இல்லாத, தெரிந்தவர் தோப்பில் ஈட்டிக்கன்று எடுத்துக்கொள்வேன்.