குருளை அழும் யாமம்

இலக்கியம் பேசும் பக்கத்தில் நாய்க்குட்டியின் சிறுநீரைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். எழுதலாம் என்றே முடிவாயிற்று. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது நாயை விட்டுவிடவில்லை. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்று பெயர் தந்திருக்கிறார். அந்த நூற்பாவைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். ஆனால் நடு யாமத்தில் ஒரு குருளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடியபோதுதான் அச்சொல்லுக்கு எடையும் வெதுவெதுப்பும் உண்டென்று தெரிந்தது.

நாய் வளர்ப்போரிடையே தலைமுறைகளாக வழங்கிவரும் ஓர் அறிவுரை உண்டு. "கத்தட்டும், விட்டுவிடுங்கள். மூன்று இரவு அழும், நான்காம் இரவு அடங்கிவிடும்." சொல்பவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், பலரும் நாய்களிடம் உயிராய் இருப்பவர்களே. ஆயினும் இந்த அறிவுரை தவறானது என்பது நம் கருத்து. அதைக் கடைப்பிடித்துப் பார்த்தவர்கள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன் செங்கற்பட்டில் வாடகை வீட்டில் குடியிருந்தபோது எங்களுக்கு ஒரு குட்டி கிடைத்தது. வயது நான்கு வாரம் இருந்தால் அதிகம். பால் மறக்காத குட்டி. பின்கட்டில், துவைக்கும் கல்லருகே சாக்கை விரித்து, கயிற்றில் கட்டிவிட்டுக் கதவைத் தாழிட்டோம். மூன்று இரவு அழுதது. நான்காம் இரவு, சொன்னபடியே, அடங்கிவிட்டது. நாங்கள் நிம்மதியாய்த் தூங்கினோம். அது எங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது என்பது பல மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது. சிறுநீர் முட்டினாலும் கூப்பிடாது. நாங்கள் பார்க்காத நேரமாய் அலமாரிக்குப் பின்னால் போய்க் கழித்துவிட்டு, எங்கள் காலடி ஓசை கேட்டதும் உடலைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்தால் புத்தி வரும் என்றார் ஒருவர். அதையும் செய்தோம் என்று எழுத இப்போது கை கூசுகிறது. கோபத்துக்கு அஞ்சி மறைவிடம் தேடக் கற்றதே தவிர, எங்கே போக வேண்டும் என்று அது ஒருநாளும் கற்கவில்லை. ஒன்றரை ஆண்டில் மதுராந்தகம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டோம். வண்டியில் ஏற்றியபோது அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தைப் பார்த்தவர்கள் அங்கே பால் கறக்கும் சிற்பத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஆயன் கறந்துகொண்டிருக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் தாயன்பின் படிமம் என்று நாம் விளக்குவது வழக்கம். விளக்கம் பிழையன்று. ஆனால் அந்த நக்குதலுக்குள் அன்பைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது என்பதை நாய்க்குட்டி வளர்த்தபின் கற்றோம். பிறந்த நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் அடிவயிற்றை நக்கினால்தான் கழியும். கழிந்ததையும் தாயே சுத்தம் செய்துவிடுகிறது. ஏறக்குறைய மூன்று வாரம் இப்படி. அதன்பின் குட்டிகள் தள்ளாடியபடியே படுக்கையைவிட்டு நகர்ந்து போய்க் கழிக்கத் தொடங்குகின்றன. படுக்குமிடம் நனையக்கூடாது என்ற முதல் பாடத்தை நமக்கு முன்பே தாய் தொடங்கி வைத்துவிடுகிறது. நான்கு வாரக் குட்டியைப் பிடுங்கி வருகிறவர்கள் அந்தப் பாடத்தை நடுவில் அறுக்கிறார்கள். போதாததற்கு, கட்டிப்போட்டு, படுத்த இடத்திலேயே கழிக்கவும் வைக்கிறார்கள். நாங்கள் செய்தது அதுதான்.

ஸ்காட், புல்லர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாயின் உறவுகளைத் தீர்மானிப்பது என்று காட்டினார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாதென்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் சொல்கின்றன. தெருவில் எடுக்கும் குட்டிக்கு விற்பனை விதி பொருந்தாது என்று வாதாடலாம். குட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சென்ற மழைக்காலத்தின் முடிவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டில், கரையேற்றிய படகின் நிழலில் ஈன்றிருந்த ஒரு நாயின் குட்டியைக் கேட்டோம். இம்முறை எட்டு வாரம் முடியும்வரை காத்திருந்தோம். அதற்குச் சோறு வைத்து வந்த மீனவப் பெண்மணி, குட்டியோடு அது படுத்திருந்த கோணியையும் சுருட்டிக் கொடுத்தார். "தாய் வாசன இருக்குது சார், அத்தையும் எடுத்துக்கினு போங்க. ராத்திரி தேடும்." எந்தக் கையேட்டிலும் இதைவிட நல்ல வரி இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு வந்து சேரும்வரை அது கோணிக்குள் முகம் புதைத்தே கிடந்தது.

இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் அடக்க முடியும். மாதக்கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது மணிக்கணக்கு என்பார்கள். தூங்கும்போது இன்னும் சற்றுக் கூடும். எனவே இரவில் இருமுறை எழுவது அதன் பிடிவாதமன்று, உடலின் அளவு. எங்கள் கட்டிலருகே ஓர் அட்டைப்பெட்டி, அதனுள் அந்தக் கோணி. அது திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டுமே இடம். மாலை ஏழு மணிக்கே சோறு முடிந்துவிடும். தண்ணீரை ஒன்பது மணிக்கு எடுத்துவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. மார்கழியில் சரி. சித்திரை வெயிலில் நம் ஊரில் அதைச் செய்வது பாவம். இன்னொரு முறை எழுந்தால் போயிற்று. பத்தரைக்கு ஒரு முறை, ஒன்றரைக்கு ஒரு முறை, நாலரைக்கு ஒரு முறை. அது அழுமுன் நாம் எழுந்துவிடுவதே நல்லது. பெட்டிக்குள் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கினால் அரை நிமிடத்துக்குமேல் அவகாசம் இல்லை.

தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நடக்க விட்டால் வழியிலேயே முடிந்துவிடும். தெருமண்ணில் இறக்கவும் கூடாது. பார்வோ என்னும் வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை வேறு நாய்கள் வராத சொந்தக் கொல்லைதான் பாதுகாப்பு. பேச்சு, விளையாட்டு எதுவும் வேண்டாம். தினமும் ஒரே மூலை. கழித்து முடித்த அந்த நொடியில் ஒரு தட்டு, மெல்லிய குரலில் ஒரு சொல், பிறகு பெட்டி. விளக்கைப் போட்டுக் கொஞ்சினால் இரவு மூன்று மணி என்பது விளையாட்டு நேரம் என்று அது குறித்துக்கொள்ளும். (பாதித் தூக்கத்தில் எங்கள் மகள் ஒருநாள் பந்தை உருட்டிவிட்டாள். அதற்கு நான்கு இரவு வட்டி கட்டினோம்.) வீட்டுக்குள் நனைத்துவிட்டால் பினாயில் ஊற்றாதீர்கள், நக்கித் திரியும் குட்டிக்கு அது நஞ்சு. வினிகர் கலந்த நீரால் துடைத்தால் வாடை போகும். வாடை போனால்தான் அதே இடத்தைத் திரும்பத் தேடாது.

கொல்லை என்றவுடன் பாம்பு நினைவுக்கு வரவேண்டும். இந்தக் கடற்கரையோரத்தில் வடநெம்மேலியில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. அங்கே நஞ்செடுக்கப்படும் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் வேலியோரத்திலும் உலவுபவைதாம். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கைவிளக்கும் காலில் செருப்பும் இல்லாமல் அந்த வேளையில் இறங்காதீர்கள். குட்டியை இறக்குமுன் தரையைப் பாருங்கள். "கத்தட்டும், வெளியே கட்டு" என்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதுண்டா?

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. மகன் கேட்டான் என்று குட்டியை வாங்கி வருபவர் தந்தை. அதன் படத்தை நண்பர்களிடம் காட்டுபவரும் அவரே. இரவு மூன்று மணிக்கு எழுபவர் யார் என்று தெரிந்த குடும்பங்களில் கேட்டுப் பார்த்தோம். பச்சைக் குழந்தைக்கு அன்று எழுந்தவர் எவரோ அவரே நாய்க்குட்டிக்கும் எழுகிறார்; காலையில் தரை துடைப்பவரும் அவரே. தருமன் வானுலகம் வரை நாயை விட்டுக்கொடுக்கவில்லை என்று பெருமையாய்ப் பாடம் நடத்துகிறோம். அந்த நாய் குருளையாய் இருந்தபோது யாமத்தில் எழுந்தவர் யாரென்று கதை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதல் குட்டியின்போது இந்தக் கேள்வியே எழவில்லை, எழுந்தவர் இல்லாததால். இம்முறை முறை வகுத்துக்கொண்டோம்: யாமம் ஒருவருக்கு, வைகறை மற்றவருக்கு, வாரம் மாறினால் முறையும் மாறும். அடுத்த நாள் முதல் வகுப்பில் கொட்டாவி விட்டதை மாணவர்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்கள்.

வண்டலூரிலிருந்து செங்கற்பட்டு வரை நெடுஞ்சாலையோரம் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் கொல்லைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆழமில்லாத தட்டில் மணல் பரப்பி மாடத்தில் வைத்தால் போதும். எட்டாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்குமுன் எந்தக் குட்டியும் தாங்காது. இருவரும் இரவுப்பணிக்குப் போகும் வீடு என்றால், வயது வந்த நாய் ஒன்றைத் தத்தெடுப்பதே நேர்மை. அண்டை வீட்டாரின் தூக்கமும் ஒரு கடன்தான். எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் குட்டி வருமுன்பே போய்ச் சொன்னோம். "ஒரு மாசம் பொறுத்துக்கறேன், வாத்தியாரே" என்றவர், இரண்டாம் வாரம் மதிற்சுவருக்கு அப்பாலிருந்து, "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதானா?" என்று கேட்டார். அவரும் விழித்திருந்து எண்ணியிருக்கிறார்.

மூன்றாம் மாத முடிவில் ஒன்றரை மணிச் சுற்று நின்றது. நான்காம் மாதத்தில் ஒருநாள் விடியும்வரை சத்தமே இல்லை. பழைய நான்காம் இரவு நினைவுக்கு வர, எழுந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். நான்கு காலும் வெளியே தொங்க, கோணியைக் கவ்வியபடி உறங்கிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறக்காமலேயே வாலை இரண்டுமுறை தரையில் அடித்தது.