இரண்டாவது பிரசவம்

நமது வீடுகளில் ஒரு பெண் இரண்டாம் முறை கர்ப்பமானால் அவளைப்பற்றி எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றேதான். அதாவது, "ஒரு தடவை பெற்றவள்தானே, அவளுக்கு என்ன?" என்பதாகும். மாமியார் இதைச் சொல்லுகிறாள். புருஷன் சொல்லுகிறான். பெற்ற தாயும் சொல்லுகிறாள். கடைசியில் அந்தப் பெண்ணும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு, இடுப்பில் தலைப்பிள்ளையையும் கையில் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு, வலி காணுகின்ற நாள் வரையில் வேலை செய்கிறாள். இவ்வார்த்தை கேட்பதற்குத் தைரியம் சொல்லுவது போல் இருந்தாலும், பல தாய்மாருடையவும் குழந்தைகளுடையவும் உயிருக்கு உலை வைத்த வார்த்தை இது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் நமது வழக்கத்தைக் கவனிப்போம். தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு; வளைகாப்பு; விதவிதமான சோறு; "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று ஊரெல்லாம் புத்தி சொல்லுதல். இரண்டாவது பிரசவம் என்றாலோ இவற்றில் ஒன்றும் கிடையாது. சீமந்தம் என்னும் சடங்கைக்கூட முதல் கர்ப்பத்துக்குச் செய்தால் போதுமென்று சாஸ்திரக்காரர்களில் ஒரு சாரார் விதித்திருக்கிறார்கள். ஏனென்றால், அது தாய்க்காகச் செய்வதுமல்லவாம், பிள்ளைக்காகச் செய்வதுமல்லவாம். "க்ஷேத்திரத்துக்கு", அதாவது விளைநிலத்துக்குச் செய்வதாம். நிலத்தை ஒருமுறை சுத்தி செய்துவிட்டால் பின்னால் விளைகின்ற போகங்களுக்கெல்லாம் அதுவே போதும் என்பது அவர்கள் கணக்கு. பெண்ணை மனுஷியாக எண்ணாமல் வயலாக எண்ணியவர்கள் வேறு எப்படிக் கணக்குப் போடுவார்கள்? இரண்டாவது பிரசவத்துக்கும் சீமந்தம் செய்யுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. முதலாவதற்கே அது வேண்டியதில்லை என்பதுதான் நமது கருத்து. ஆனால் சடங்கோடு சேர்ந்து கவனிப்பும் அல்லவா ஒழிந்து போகின்றது? அதைத்தான் கேட்கின்றோம்.

நிற்க. இரண்டாவது பிரசவம் சுலபம் என்பதில் உண்மையே இல்லையா என்றால், உண்மை உண்டு. தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பையின் வாய் முதலில் மெலிந்து, பிறகுதான் திறக்கும். அடுத்ததில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். வழியும் முன்பே ஒருமுறை விரிந்து கொடுத்ததாகையால் குழந்தை சீக்கிரம் வெளிவருகின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்தபின் முழுதும் திறப்பதற்குத் தலைப்பிரசவமானால் வழக்கமாய் 12 மணி நேரத்துக்கு மேற்படாது என்றும், பிந்திய பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேற்படாது என்றும், அதன்பின் குழந்தை பிறப்பதற்கு முதலாவதில் 3 மணி நேரத்துக்குள், பின்னவற்றில் 2 மணி நேரத்துக்குள் என்றும் சொல்லப்பட்டிருக்கின்றது. இவை மேல்வரம்புகளே. பல பெண்களுக்கு இதைவிட மிகவும் சீக்கிரத்திலேயே ஆகிவிடும். குழந்தையின் அசைவும் முதல் கர்ப்பத்தில் 20 வாரம் சுமாருக்குத் தெரிந்தால், இரண்டாவதில் சில வாரம் முன்னதாகவே தெரியும்.

ஆனால் அந்தச் சீக்கிரமே ஓர் ஆபத்து என்பதை நமது ஜனங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் தடவை ஒரு பகலும் ஓர் இரவும் வலி கண்டவள் இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நினைத்து, சோறு வடித்து, மாட்டுக்குத் தீனி போட்டு, தலைப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் புறப்படலாம் என்றிருந்தால் குழந்தை பாதி வழியில் பிறந்துவிடும். 108 வண்டி 2008-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் ஓடுகின்றது. அதைக் கூப்பிட வேண்டிய நேரம் எது என்பதை முதல் பிரசவத்தின் கணக்கைக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்குகின்ற வலியும் இரண்டாவதில் அதிகம். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அவ்வலி கூடுவதற்குக் காரணம், பால் சுரப்பதற்காக உடம்பில் ஊறும் ஒரு ரசமே கர்ப்பப்பையையும் சுருங்கச் செய்வதாகும். சுருங்குவது நல்லதுதான், சுருங்காவிட்டால்தான் ரத்தம் பெருகும். ரத்தப்பெருக்கோ பிரசவத்தில் தாய்மார் சாவதற்கு உலகம் முழுவதிலும் முக்கியமான காரணமாக இருந்துவருகின்றது. ஒரு பிள்ளையைப் பெற்று, பால் கொடுத்து, இழந்த ரத்தம் ஊறுவதற்குள் மறுபடியும் கர்ப்பமானவளுக்கு அப்பெருக்கைத் தாங்கும் சக்தி எங்கிருந்து வரும்? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் ரத்தசோகை உள்ளவர்கள். ஆகவேதான் ஒரு பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 24 மாதமாவது கழித்தே அடுத்த கர்ப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது.

இனி, முதல் பிரசவம் நன்றாய் நடந்தது என்பதே இரண்டாவதற்குச் சாட்சியாகாது என்பதற்கு எல்லாவற்றிலும் பெரிய உதாரணம் ஒன்று சொல்லுவோம். ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றை நமது பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். தலைப்பிள்ளை கொழுகொழுவென்று வளரும். இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாளே உடம்பெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போகும். மூன்றாவது வயிற்றிலேயே வீங்கிச் செத்துப் பிறக்கும். உடனே செய்வினை என்பான் மந்திரவாதி. சர்ப்பதோஷம் என்பான் ஜோசியன். மருமகள் காலடி சரியில்லை என்பாள் மாமியார். பரிகாரத்துக்குப் பணம் போகும், பிள்ளையும் போகும். அடுத்துப் பிறக்கும் பிள்ளையையாவது எமன் தொடாதிருக்க வேண்டுமென்று அதற்குக் குப்பன் என்றும், பிச்சை என்றும் பெயர் வைத்து, மூக்கும் குத்திவிடுவார்கள். எமனுக்குப் பெயர் பார்த்து ஏமாந்து போகின்ற அளவு புத்திதான் என்பது அவர்கள் எண்ணம் போலும்!

உண்மை என்ன? 1939-ம் வருஷத்தில் நியூயார்க்கில் லெவின், ஸ்டெட்சன் என்னும் இரு வைத்தியர்கள் ஒரு பெண்ணின் விஷயத்தை வெளியிட்டார்கள். அவளுக்கு அது இரண்டாவது கர்ப்பம். குழந்தை செத்துப் பிறந்தது. ரத்தம் இழந்த அவளுக்குப் புருஷனுடைய ரத்தத்தை ஏற்ற, அது ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஒன்று உண்டாகியிருப்பதையும், அது குழந்தையின் மூலமாய் வந்திருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கண்டார்கள். அடுத்த வருஷம், அதாவது 1940-ல், லாண்ட்ஸ்டைனர், வீனர் என்பவர்கள் ஆர்.எச். என்னும் ரத்தக் குணத்தை வெளியிட்டார்கள். பின்னர் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து விஷயம் விளங்கிற்று.

அதாவது, பெரும்பாலோர் ரத்தத்தில் இக்குணம் உண்டு. நமது நாட்டில் 100-க்குச் சுமார் 5 பேர் ரத்தத்தில் இல்லை. இல்லாத தாய்க்கும், உள்ள தகப்பனுக்கும், உள்ள குழந்தை பிறக்கக்கூடும். முதல் குழந்தையின் ரத்தம் பெரும்பாலும் பிரசவத்தின்போதுதான் தாயின் ரத்தத்தில் சிறிது கலக்கின்றது. தாயின் உடம்பு அதை அந்நியப் பொருளென்று கண்டு எதிர்ப்பை உண்டாக்குவதற்குள் அக்குழந்தை பிறந்து தப்பித்துக்கொள்ளுகின்றது. இரண்டாவது குழந்தைக்கும் அதே குணம் இருந்தால், முன்பே தயாராயிருக்கும் அவ்வெதிர்ப்பு நஞ்சுக்கொடி வழியாய்ப் போய் அதன் ரத்தத்தை அழிக்கின்றது. பாம்பும் இல்லை, பேயும் இல்லை, காலடியும் இல்லை. புருஷன் பெண்சாதி இருவருடைய ரத்தத்தின் வித்தியாசமே ஒழிய வேறில்லை. இதில் குற்றவாளி யாரும் கிடையாது.

இதற்கு மருந்தும் 1968 முதல் வழக்கத்தில் இருக்கின்றது. குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட்டால் அவ்வெதிர்ப்பு உண்டாகாமல் தடுத்துவிடலாம். கர்ப்பத்தின் 28-வது வாரம் சுமாருக்கும் போடுகிறார்கள். கர்ப்பம் கலைந்தாலும் இதைப்பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும். இரண்டாவது பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி முதல் பிள்ளை பிறந்த மூன்று நாளைக்குள் போட வேண்டியது என்பதைக் கவனியுங்கள். "முதல் பிரசவம் நல்லபடி முடிந்தது, இனி என்ன?" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அந்தச் சந்தர்ப்பம் தவறிவிடும். எதிர்ப்பு உண்டான பிறகு இவ்வூசியால் பலனில்லை.

இம்மருந்து வானத்திலிருந்து வந்ததல்ல. மனிதர் கொடுக்கும் ரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1954 முதல் 2018 வரையில் 1,100 தடவைக்கு மேல் தமது கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். அவருடைய ரத்தத்தில் இம்மருந்துக்கு வேண்டிய பொருள் இருந்தது. 2025-ல் தமது 88-வது வயதில் அவர் காலமானார். பிள்ளைவரம் கொடுக்கிற சாமிகள் நமது நாட்டில் எத்தனையோ இருக்க, ஊர் பேர் தெரியாத தாய்மாருடைய இரண்டாவது பிள்ளைக்காகப் பல வருஷங்கள் ரத்தம் கொடுத்தது எந்தச் சாமி என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, முதல் குழந்தையை வயிற்றைக் கீறி எடுத்தவர்கள் விஷயம். மேற்சொன்ன கணக்கின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 கீறி எடுத்தவை. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64; அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36. இப்பெண்களுக்கு இரண்டாவது பிரசவம் வேறு மாதிரியானது. ஒருமுறை கீறினால் எப்போதும் கீறவே வேண்டுமென்று 1916-ல் நியூயார்க் வைத்தியர் கிராகின் சொன்னது வெகுகாலம் வேதவாக்காய் இருந்தது. இன்றைய அனுபவத்தில், தகுதி பார்த்து முயற்சிக்கின்றவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேர் வரையில் இயற்கையாகவே பெறுகிறார்கள். ஆனால் பழைய தழும்பு பிரிந்துபோகின்ற அபாயம் 200-க்கு ஒருவர் அளவில் உண்டு. ஆகையால் உடனே ஆபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரியில்தான் அம்முயற்சி நடக்க வேண்டும். ஒவ்வொரு தடவை கீறும்போதும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகின்றது. ஆகவே ஜோசியனிடம் நாள் நட்சத்திரம் கேட்டு, நல்ல வேளையில் பிள்ளை பிறக்க வேண்டுமென்று அவசியமில்லாமல் வயிற்றைக் கீறச் சொல்லுகின்றவர்கள், இரண்டாவது பிள்ளைக்கும் தாய்க்கும் கெட்ட வேளையைத் தேடி வைக்கிறார்கள் என்றே சொல்லுவோம்.

இவையெல்லாம் உடம்பால் வரும் வித்தியாசம். வீட்டாரால் வரும் வித்தியாசம் ஒன்றும் உண்டு. முதலில் பெண் பிறந்த வீட்டில் இரண்டாவது கர்ப்பம் ஒரு வழக்கு விசாரணையாகவே ஆகிவிடுகின்றது. இந்தியா முழுவதுக்கும் கணக்குப் பார்த்து லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், முதல் குழந்தை பெண்ணாயிருந்த வீடுகளில் இரண்டாவதாக 1,000 ஆணுக்கு 1990-ல் 906 பெண்ணும், 2005-ல் 836 பெண்ணுமே பிறந்ததாகக் காண்கின்றது. முதல் குழந்தை ஆணாயிருந்த வீடுகளில் இப்படிப்பட்ட குறைவு காணப்படவில்லை. காணாமற்போன பெண்குழந்தைகள் எங்கே போயின? வயிற்றிலுள்ளது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. பிள்ளை ஆணாவதும் பெண்ணாவதும் தகப்பனுடைய வித்தைப் பொறுத்தது என்பதற்கான ஆதாரமோ 1905-லேயே வெளிவந்துவிட்டது. அப்படியிருந்தும் பெண் பெற்றவளைப் பார்த்தே முகம் சுளிக்கிறார்கள். விதைத்தவனைக் கேளாமல் நிலத்தைத் திட்டுகின்ற குடியானவன் எங்கேயாவது உண்டா?

ஆகவே தோழர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். இரண்டாவது பிள்ளை வேண்டுமா, வேண்டுமானால் எப்போது என்பதைப் பெறுகின்றவளே தீர்மானிக்கட்டும். உங்கள் ரத்தத்தையும் உங்கள் மனைவியின் ரத்தத்தையும் பரீட்சை செய்து எழுதி வையுங்கள். முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எப்படிப் பிறந்தது, எவ்வளவு நேரமாயிற்று, ரத்தம் பெருகிற்றா, என்ன ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் இரண்டாவது பிரசவத்துக்கு வேண்டும். வலி கண்டால் நேரம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தலைப்பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவதையும், தண்ணீர்க் குடத்தையும் புருஷன் ஏற்றுக்கொள்ளட்டும். அதனால் எவருடைய ஆண்மையும் குறைந்துவிடாது.

"ஒரு தடவை பெற்றவள்தானே" என்று இனி யாராவது உங்கள் வீட்டில் சொன்னால், "ஆம், ஆனால் இந்தப் பிள்ளையை அவள் இன்னும் பெறவில்லை" என்று பதில் சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.