மண்வெட்டிப் பிடி தளர்ந்தால்

மண்வெட்டியின் பிடி தளர்ந்துவிட்டால் அதனை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து இறுக்கிக்கொள்வது கமக்காரரிடையே நெடுநாளாக நிலவும் வழக்கம். மறுநாட் காலையில் பிடி அசையாது நிற்பது உண்மையே. ஆயினும் இது பழுதுபார்த்தலன்று, பழுதை வளர்த்தலேயாகும்.

ஊறிய மரம் பருக்கின்றது; இரும்புத் துளையோ விரிந்து கொடுப்பதில்லை. ஆதலால் துளைக்குள் அகப்பட்ட மரநார்கள் நசுங்குகின்றன. வெயிலில் உலர்ந்ததும் பிடி முன்னிருந்ததிலும் சிறுத்துவிடும். வரம்பு கட்டும்போது ஓங்கிய மண்வெட்டியின் அலகு கழன்று அருகில் நிற்பவரின் காலைப் பதம்பார்க்கவும் கூடும். வாய்க்காலில் நீர் வரும் நாளில் இவ்வாறு நேரின் அன்றைய வேலை முழுதும் கெடும். ஆணி அறைவதும் தக்கதன்று. அது பிடியைப் பிளக்கும்.

அரைமணி நேரம் செலவிட்டு ஆப்பு அடிப்பதே முறை. பிடியின் முனையைத் துளைக்கு அளவாகச் சீவிச் செலுத்தி, முனையில் வாளால் அறுத்த பிளவிலே நன்றாகக் காய்ந்த வன்மர ஆப்பினை அடித்து இறுக்குதல் வேண்டும். புதுப் பிடி வாங்குவோர் சாயம் பூசாததையே தேர்தல் நன்று. சாயம் முடிச்சையும் வெடிப்பையும் மறைத்துவிடும். மெருகிற்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. தேங்காயெண்ணெய் உலர்ந்து இறுகாது, கைதான் வழுக்கும்.