ஊர் தர வேண்டிய பாடம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் நீலசந்திராவில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கும். ஏதேனும் ஒரு மன்றமோ நற்பணிக் குழுவோ தெருவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பையும் வழங்கும். பையின் மேல் வழங்கியவரின் படம் இருக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்கு முகம் காட்டிவிட்டுப் போவார்கள். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நோட்டு வாங்க இயலாத வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளிக்கு ஊர் தரக்கூடியது இவ்வளவுதானா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதை வாசக அன்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

நமக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரு சிறிய கிராமப் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் டேவிட் ஹார்ஸ்பரோ. ரிஷிவேலிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பிறகு பிரிட்டிஷ் கவுன்சில் பணியில் சென்னையிலும் பெங்களூரிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1972-ல் கோலார் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ராயல்பாடு அருகே ஏழு ஏக்கர் நிலத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் நீல்பாக். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளே அங்கு மாணவர்கள். ஆங்கிலம், கணக்கு, தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு தோட்ட வேலை, தச்சு, கொத்து வேலை, தையல், இசை ஆகியவையும் பாடங்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். தேர்வு இல்லை, பரிசு இல்லை, தண்டனையும் இல்லை. 1984-ல் ஹார்ஸ்பரோ மறைந்தார்.

அந்தச் சிறு பள்ளியின் எண்ணம் அவரோடு மறைந்துவிடவில்லை. 1980-களில் மதனப்பள்ளி அருகே, ரிஷிவேலியைச் சார்ந்த கிராமக் கல்வி மையத்தில் ராமா, பத்மநாப ராவ் தம்பதியர் ஓராசிரியர் பள்ளிகளை வளர்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கப் பாட அட்டைகள் செய்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகள் பாடமாயின. 'மெட்ரிக் மேளா' என்ற பெயரில் பிள்ளைகள் கடை போட்டு நிறுப்பதும் அளப்பதும், அதில் தாய்மார்கள் வந்து கலந்துகொள்வதும் அந்தப் பள்ளிகளின் வழக்கமாயிற்று. 1995-ல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் இம்முறையைப் பார்த்து வந்து, யூனிசெப் உதவியோடு தங்கள் பள்ளிகளில் தொடங்கியதுதான் கர்நாடகத்தின் 'நலி கலி'. மகிழ்ந்து கற்பது என்று பொருள் சொல்லலாம். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-08 கல்வியாண்டில் அது தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

கோலார் மாவட்டத்துக் குக்கிராமம் ஒன்றில் ஊன்றிய விதை இரண்டு மாநிலங்களில் முளைத்ததை எண்ணிப் பெருமைப்படலாம். ஆனால் பரவியது எது, பரவாமல் நின்றது எது என்று சற்றுக் கூர்ந்து பாருங்கள். பாட அட்டை பரவியது. ஏணிப்படி போன்ற பாட வரிசை பரவியது. தாழ்வான கரும்பலகை பரவியது. தோட்டமும், தச்சுப் பட்டறையும், கதை சொல்லும் பாட்டியும், நிறுத்துப் பார்க்கும் சந்தையும் நான் பார்த்த வரையில் அந்த அளவுக்குப் பரவவில்லை. காரணம் எளியது. அட்டையை அரசு அச்சடித்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். கதை சொல்லும் பாட்டியை லாரியில் அனுப்ப முடியாது. அரசால் தரக்கூடியதை அரசு தந்தது. ஊரால்தான் தரக்கூடியதை ஊர் தரவில்லை. இதுவே என் வாதம்.

வெளியில் உட்கார்ந்து படிப்பது தமிழனுக்குப் புதிதுமல்ல. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படித்தவர்கள் நம் முன்னோர். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அப்படிப் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்து வியந்து, தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

பள்ளிக்கு ஊர் கைகொடுப்பதும் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1956-ல் மதிய உணவுத் திட்டம் ஊராரின் நன்கொடையை நம்பித்தான் தொடங்கியது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஒருவர் மணி தந்தார், ஒருவர் கடிகாரம் தந்தார், ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் நிலமே எழுதி வைத்தார். 'இது நம் பள்ளி' என்ற எண்ணம் ஊருக்கு வந்ததே அம்மாநாடுகளின் பெரிய பலன் என்பேன்.

இங்கே ஒரு நியாயமான அச்சத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். நான் ஓய்வு பெற்றபின் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளையில் கணக்கும் தமிழும் சொல்லித் தருகிறேன். மொட்டை மாடியில் தொட்டி வைத்து அவரை விதை போட்டுத் தினமும் வளர்ச்சியை அளந்து எழுதச் சொன்னேன். ஒரு பையனின் தாய் வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். "சார், நாங்கதான் பொழுதன்னைக்கும் மண்ணு சுமக்கிறோம். எங்க புள்ளையும் மண்ணுல கை வைக்கணுமா? அதுக்கா உங்ககிட்ட அனுப்புறேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மூன்று தலைமுறை வேதனை இருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தமிழகத்தின் வரலாறும் அந்தத் தாயின் பக்கம் நிற்கிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப் பள்ளிகளில் பாட நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-ல் காமராசர் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 'வெளியில் கற்பது' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் ஐயப்படுவதற்கு இந்த அனுபவமே காரணம்.

ஆகவே கோட்டைத் தெளிவாகப் போட்டுவிடுவோம். பாட நேரத்தைக் குறைத்துப் பிள்ளையை அப்பன் தொழிலுக்கு அனுப்புவது ஒன்று. பாடத்தையே வெளியே எடுத்துச் சென்று, எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையையும் அறிமுகம் செய்வது வேறொன்று. நீல்பாக்கில் கொத்தனார் மகன் மட்டும் செங்கல் அடுக்கவில்லை. தையற்காரர் மகள் மட்டும் ஊசி பிடிக்கவில்லை. அது எல்லோருக்கும் பாடம். அந்தத் தாயிடம் நான் சொன்னதும் இதுதான்: "அம்மா, இவன் மண் சுமக்கவில்லை. செடி ஒரு வாரத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று வரைபடம் போடுகிறான்." அவர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மறுநாளும் பையனை அனுப்பினார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. நகரத்துப் பிள்ளைக்கு வயல் ஏது, குளம் ஏது என்பார்கள். நீலசந்திராவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே காற்று நுழைவதே கடினம், உண்மைதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சந்துக்குள் இருக்கும் பள்ளி இடத்துக்கு எங்கே போகும்? ஆனால் தெருவைத் தாண்டினால் பாடம் கொட்டிக் கிடக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது நீர். மெஜஸ்டிக் பக்கம் தொடங்கும் ராஜகால்வாய் சாந்திநகர், கோரமங்கலா வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி 2015-ல் நுரை தள்ளியது. 2017 பிப்ரவரியில் தீப்பற்றிப் புகைந்தது. நம் வீட்டில் துணி துவைத்த நீர் எங்கே போகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டு, பெரியவர்கள் துணையோடு ஏரிக்கரையில் போய் நின்று பார்த்த பிள்ளைக்கு, சுற்றுச்சூழல் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது. தண்ணீர் எப்படி எரியும் என்று அவனே கேட்பான். அந்தக் கேள்வியில்தான் கல்வி தொடங்குகிறது.

இரண்டாவது பாறை. நம் பகுதியிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் லால்பாக் போய்விடலாம். மலர்க் கண்காட்சிக்கு மட்டும் போகிற இடம் என்று நினைக்கிறோம். கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். 1975-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தது. சென்ற ஆண்டு ஒரு டஜன் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். வயதைச் சொன்னதும் ஒரு சிறுமி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது மொழி. எங்கள் தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயடியில் பேசப்படுகின்றன. தமிழில் அரிசி, கன்னடத்தில் அக்கி, தெலுங்கில் பிய்யம், உருதுவில் சாவல். ஜான்சன் மார்க்கெட்டில் பத்துப் பொருளுக்கு நான்கு மொழிப் பெயரையும் கிலோ விலையையும் கேட்டு எழுதி வரச் சொன்னால், ஒரே காலைப்பொழுதில் மொழியும் கணக்கும் ஊர் ஒற்றுமையும் சேர்ந்து வரும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தப் பாடம் மிக அவசியம். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டியிடம் கதை கேட்ட பிள்ளை, அரசியல்வாதி மூட்டிவிடும் சண்டைக்குப் போகமாட்டான்.

இதற்கெல்லாம் பணம் அதிகம் வேண்டாம். ஆள் வேண்டும். இருபது பிள்ளைகளைச் சாலை கடத்த நாலு பெரியவர்கள் வேண்டும். பள்ளியின் ஒப்புதலும் பெற்றோரின் கையெழுத்தும் முறையாக வாங்க வேண்டும். செடியும் பாறையும் இயந்திரமும் அறிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பொதுத்துறை ஆலைகளில் கடைசல் பிடித்தவர்கள், மின்பணி பார்த்தவர்கள், தையற்காரர்கள், பூக்கட்டுபவர்கள், செவிலியர்கள். இவர்கள் யாரையும் நாம் மேடைக்கு அழைப்பதில்லை. இவர்களே நம் பிள்ளைகளுக்கு வாய்க்காத ஆசிரியர்கள். புதிய கல்விக் கொள்கை 2020-ல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாள் பையில்லா நாள்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இன்னும் அதிகமாக வேண்டியது என்பது என் கருத்து.

இனி, நம் சொந்த ஊர்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் பகுதியில் பலருக்கும் வேர் வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமங்களில் இருக்கிறது. நாம் படித்த ஈராசிரியர் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். காலையில் மஞ்சள் வேன் வந்து ஆங்கிலப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போகிறது. ஆள் குறைந்தால் பள்ளியை மூடும் பேச்சு வருகிறது. அந்தப் பள்ளியிடம் இருப்பதும் வேன் பள்ளியிடம் இல்லாததும் ஒன்று உண்டு. அது ஊர்தான். ஏரிக்கரை, பனைமரம், களத்துமேடு, பாம்பின் பெயர் பத்து சொல்லும் தாத்தா. இவற்றைப் பாடமாக்கினால் அந்தப் பள்ளிக்கு ஒரு தனிச்சிறப்பு வரும். ஆக்காவிட்டால் அது ஆங்கிலப் பள்ளியின் ஏழைத் தம்பியாகவே இருந்து ஒருநாள் பூட்டப்படும். பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகிற நாம், ஒரு நாள் முன்னதாகவே போய், பள்ளி நடக்கும் வேளையில் அரைநாள் அங்கே செலவிடலாம். தலைமையாசிரியரைக் கண்டு, 'உங்களுக்கு என்ன துணை வேண்டும்?' என்று கேட்கலாம். சுண்ணாம்பு அடிக்கவும் மின்விசிறி மாட்டவும் தருகிற நன்கொடையை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு நம் நேரத்தையும் சேர்த்துத் தருவோம் என்கிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொல்லிச் சொல்லியே நாம் ஏட்டை மட்டும் வழங்கிக்கொண்டிருக்கிறோம். சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் கல்வியாண்டில் நம் பகுதியில் ஒரே ஒரு தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை, காலை மூன்று மணி நேரம். இதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த தொழில் எது, தரமுடிந்த சனிக்கிழமை எது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பத்து அட்டை வந்தால் ஓர் ஆண்டுப் பாடம் நிறைந்துவிடும். முதல் அட்டையை நான் எழுதி அனுப்பிவிட்டேன்.